வலது கண் அழகு

மார்ச் 3, ஞாயிறு

காலையிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. துணியை ஊறவைத்துவிட்டு மறந்துபோய்க் கடைக்குக் கிளம்பிவிட்டேன். கடைக்குப் போனால் எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. மல்லித்தழை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பத்து மணிக்கு ஜப்பானிலிருந்து அவர் கூப்பிட்டார். வெறும் குரல்தான், முகம் இல்லை.

"போன் கீழ விழுந்துடுச்சு மங்கை. கேமரா போச்சு."

"புதுசு வாங்கிக்க வேண்டியதுதானே?"

"வாங்கலாம், வாங்கலாம்."

பதினான்கு மாதமாகத் தினமும் அந்த முகத்தைப் போனில் பார்த்துவிட்டு இன்று குரலை மட்டும் கேட்பது, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருந்தது. வழக்கமாக மூன்றாவது நிமிடத்தில் "பேப்பர் விஷயம் என்னாச்சு?" என்பார். இன்று கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதிதான்.

பேப்பர் பீரோவில்தான் இருக்கிறது. மனைவி என்ற முறையில் நான் அங்கே போய்த் தங்குவதற்கு அவர்கள் அரசாங்கம் கொடுத்த சான்று. ஏப்ரல் 19க்குள் ஜப்பானில் போய் இறங்க வேண்டும். மொழி கொஞ்சம் பிடிபடட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதற்காகத்தானே தில்லைநகர் ஜப்பானிய வகுப்புக்கே போகிறேன்.

மார்ச் 6, புதன்

வகுப்பில் ஐந்து பேர். நால்வரும் நர்சிங் முடித்த பெண்கள், நான் ஒருத்திதான் முப்பத்தாறு. சொல்லிக்கொடுக்கும் ரிஸ்வானாவுக்கே இருபத்தாறுதான். நான்கு வருடம் நகோயாவில் படித்துவிட்டு வந்தவள். என்னை அக்கா என்கிறாள், நான் அவளை மிஸ் என்கிறேன். இரண்டு பேருக்குமே கொஞ்சம் கூச்சம்.

இன்று "வா" என்ற சொல். "வான்னா யாரைக் கூப்பிடுது மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டு எல்லோரும் சிரித்தோம்.

ரிஸ்வானா கரும்பலகையில் எழுதினாள்: ஸோ வா ஹனா கா நாகாய். யானை வா, மூக்கு கா, நீளம்.

"முதல்ல எதைப் பத்திப் பேசப்போறோம்னு எடுத்து முன்னாடி வைக்கணும். யானை. அதுக்குப் பின்னாடி வா. அப்புறம் யானையில எந்த இடம் நீளம்? மூக்கு. அதைச் சுட்டிக்காட்ட கா. கடைசியில நீளம்."

"நம்ம 'யானைக்கு மூக்கு நீளம்' மாதிரிதானே?" என்றேன். "எனக்குத் தலை வலின்னு சொல்ற மாதிரி."

"ஆமாக்கா. ஆனா 'க்கு'ன்னே நினைச்சுக்கிட்டுப் போனா பாதி தூரம்தான் வருவீங்க. மீதிப் பாதியில விழுவீங்க."

வீட்டுப்பாடம்: தெரிந்தவர்கள், தெரிந்த இடங்கள் பற்றிப் பத்து வாக்கியம். எல்லாம் பெரியது, சிறியது, அழகு, அமைதி என்று முடிய வேண்டும்.

மார்ச் 7, வியாழன்

மணச்சநல்லூரில் பள்ளிக்கூடம் கட்டும் சைட். தூண் கம்பிகள் இரண்டு தள்ளி நின்றன, பிரித்துக் கட்டச் சொன்னேன். செபஸ்தியான் மேஸ்திரி முகம் சுளித்தார். பிறகு அவரே அளந்து பார்த்துவிட்டு, "மேடம் சொன்னது சரிதான்" என்றார். மதியம் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

ரிஸ்வானா என் நோட்டைத் திருத்திக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"பள்ளிக்கூடக் கட்டடம் வா, படிக்கட்டு கா, அகலம். கட்டடம் வா, ஜன்னல் கா, அழகு. கட்டடம் வா, தளம் கா... அக்கா, பத்துல ஏழு கட்டடமா? வீட்டுக்காரரைப் பத்தி ரெண்டே ரெண்டுதானா?"

"வேலை ஞாபகத்துல எழுதிட்டேன்."

அந்த இரண்டு: கணவர் வா, கண் கா, பெரியது. கணவர் வா, குரல் கா, சிறியது. இரண்டுமே சரி என்று டிக் போட்டாள்.

பிறகு வாவின் இன்னொரு முகத்தைச் சொன்னாள். ஜப்பானில் அவள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா ஒருநாள் கேக், காப்பி, பழம் எல்லாம் வைத்துக் கொடுத்தாராம். இவள் ஆசையாக, கேக்கி வா ஓய்ஷீ தேஸ் என்றாளாம். கேக் ருசி என்று. அந்தம்மா முகம் விழுந்துவிட்டதாம்.

"ஏன் மிஸ்? நல்லாதானே சொன்னீங்க?"

"பலது இருக்கறப்ப ஒண்ணை மட்டும் எடுத்து வா போட்டா, கேக்கறவங்க காதுல 'அப்ப மத்தது?'ன்னு விழும். 'கேக் என்னவோ நல்லாத்தான் இருக்கு'ன்னு நாம இழுப்போமே, அப்படி. காப்பி வாய்ல வைக்க விளங்கலைன்னு நான் சொல்லாமச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு."

பெண்கள் சிரித்தார்கள். பஸ்ஸில் வரும்போது எனக்குத்தான் ஒரு மாதிரியாக இருந்தது. நான் அவரிடம் போனில் என்னென்ன சொல்வேன்? வீடு நல்லா இருக்கு. உடம்பு நல்லா இருக்கு.

மார்ச் 11, திங்கள்

இன்றும் குரல் மட்டும். கேமரா ரிப்பேருக்குக் கொடுக்கவில்லையா என்றதற்கு, "கண்ணுல கொஞ்சம் தூசி விழுந்திருக்கு, ஸ்கிரீனைப் பார்க்க வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

"கேமரா உடைஞ்சுதுன்னீங்க?"

"அதுவும்தான்."

சட்டென்று பேச்சை மாற்றி, உறையூரில் வெயில் எப்படி என்று கேட்டார். வெயில் எப்படி இருக்கும்?

மார்ச் 12, செவ்வாய்

சைட்டில் நிற்கும்போது ஜப்பான் நம்பரிலிருந்து போன். ஹிரானோ என்று ஒரு பெண். என் வீட்டுக்காரர் வேலை செய்யும் உலோக வார்ப்புத் தொழிற்சாலையில் வெளிநாட்டு ஆட்களின் வீடு, ஆஸ்பத்திரி, காகிதம் எல்லாம் பார்க்கிறவர். நான் வகுப்புக்குப் போவதை அவர் சொல்லியிருக்கிறார் போல, அந்தப் பெண் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். நான் எப்போது வருகிறேன், வீடு பார்க்க வேண்டும். அதுவரை புரிந்தது. கடைசியில் ஒன்று சொன்னார். கையிலிருந்த வரைபடத்தின் பின்பக்கத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

மிகி நோ மே வா கிரேய் தேஸ். தாய்ஜோபு தேஸ்.

ஹாய், ஹாய் என்று அவர்கள் மொழியில் சரி, சரி போட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மிகி வலது. மே கண். கிரேய் அழகு. ஜன்னல் அழகு என்று நானே எழுதிய அதே கிரேய். வலது கண் அழகு, ஒன்றும் கவலையில்லை.

என் புருஷன் கண் அழகு என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்ல இவள் யார்? மூன்று மணிக்கு சிமெண்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன், இரண்டு தடவை எண்ணியும் இரண்டு கணக்கு வந்தது. பதினான்கு மாதம். கேமரா உடைந்துவிட்டது. பேப்பரைப் பற்றி இப்போதெல்லாம் கேட்பதே இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு போனது புத்தி.

அப்புறம்தான், கம்பி கட்டும் சத்தத்துக்கு நடுவில் நின்றபடியே, அந்த வா என் காதில் விழுந்தது. ஏன் வலது கண்?

மார்ச் 13, புதன்

மத்தியானமே ரிஸ்வானா வீட்டுக்குப் போய்விட்டேன். மாலை வகுப்புவரை பொறுக்க முடியவில்லை. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுதியிருந்ததைக் காட்டினேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தாள்.

"கிரேய்னா அழகு மட்டும் இல்லக்கா. சுத்தம்னும் அர்த்தம். ஒரு கீறல்கூட இல்லாம நல்லா இருக்குன்னு."

"அப்ப இடது கண்ணு?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லா வாவையும் அப்படி எடுத்துக்க வேணாம்க்கா. நான் சொன்னது பொதுவா ஒரு... சும்மா பேச்சுவாக்குலயும் போடுவாங்க. நான் வேணா அவங்ககிட்ட பேசட்டுமா?"

"நானே கேக்கறேன். எப்படிக் கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"ஹிதாரி நோ மே வா? அவ்வளவுதான். இடது கண் வா? அதுக்குமேல ஒண்ணும் வேண்டாம். மிச்சத்தை அவங்கதான் சொல்லணும்."

ஹிரானோ உடனே எடுத்தார். பெயரைச் சொன்னேன். ஹிதாரி நோ மே வா? என்றேன்.

அந்தப் பக்கம் தொழிற்சாலைச் சங்கு ஒன்று தூரத்தில் ஊதி நின்றது. பிறகு, தங்களிடம் அவர் சொல்லவில்லையா என்பதுபோல் ஏதோ கேட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். எனக்கு வேறு தெரியாது.

"மியேமசேன்" என்றார். பின்னாலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ரிஸ்வானா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தெரியலையாம்க்கா. பார்வை."

மீதியை அவள்தான் பேசித் தெரிந்துகொண்டாள். மார்ச் 2. வார்ப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முகக்கவசத்தில் ஆவி படிந்திருக்கிறது, துடைப்பதற்காக அதை உயர்த்தியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தேய்க்கும் சக்கரத்தின் கல் உடைந்து தெறித்துவிட்டது. ஒரு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரி. இப்போது அறையில் இருக்கிறார்.

மாலை வகுப்புக்கும் போனேன். வீட்டில் என்ன செய்வது?

மார்ச் 14, வியாழன்

காலையில் நானே கூப்பிட்டேன்.

"இடது கண்ணு எப்படி இருக்கு?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி? நீ அங்கே இருந்துக்கிட்டு அழுவ. நான் இங்கே இருந்துக்கிட்டு அதைக் கேக்கணும்."

"நான் கிளம்பி வர்றேன்."

"எதுக்கு?" குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பேப்பர் வந்து ரெண்டு மாசமாகுது மங்கை. ரெண்டு கண்ணும் இருந்தப்ப வராதவ, ஒண்ணு போச்சுன்னதும் வரணுமா? பாவம் பார்த்து வர்றதுக்கு வராமலே இருந்துடு."

நான் வைத்துவிட்டேன். அவரா, நானா? நான்தான்.

மார்ச் 15, வெள்ளி

தளம் போடுவதற்கான சென்ட்ரிங் பலகை வந்து இறங்கியது. போன் வரவில்லை.

மார்ச் 16, சனி

பலகை அடித்தார்கள். போன் வரவில்லை. பீரோவை முழுக்க இறக்கி மறுபடி அடுக்கினேன். பேப்பர் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அங்கே வைத்தது நான்தான்.

மார்ச் 18, திங்கள்

எழுதிவிடுகிறேன். மொழி பிடிபடட்டும் என்பது பொய்.

டிசம்பரில் ஆபீசில் சார் என்னைக் கூப்பிட்டு மணச்சநல்லூர் பள்ளிக்கூடக் கட்டடம் முழுவதையும் என் பொறுப்பில் விட்டார். பதினோரு வருடம் மேசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்காக வரைந்துகொடுத்தவள், முதல்முறையாக என் கோடு கல்லும் கம்பியுமாக எழுந்து நிற்பதைப் பார்க்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவார். "அப்ப நீ அங்கேயே இரு" என்றும் சொல்லிவிடுவார். அல்லது சொல்ல மாட்டார். எது நடந்தாலும் அதற்கு நான் பதில் வைத்திருக்க வேண்டும். அதனால் ஜப்பானிய மொழி படித்தேன். போவதற்குத் தயாராவது மாதிரி இருக்கும், போகவும் வேண்டியதில்லை.

இன்று சாரிடம் போனேன். ஏப்ரல் நடுவில் கிளம்பி ஜூன் கடைசிவரை விடுப்பு வேண்டும் என்றேன்.

"தளம் போடறதுக்குள்ள போயிடுவியாம்மா?"

"போட்டுட்டுத்தான் சார் போவேன். ஏப்ரல் எட்டு."

"அதுக்கப்புறம் பூச்சு வேலைதானே, வேற ஆள் பார்க்கட்டும். ஜூலை ஒண்ணாந்தேதி மாடி ஆரம்பிக்கணும். நீ இருக்கணும்."

"இருப்பேன்."

வீட்டுக்காரரிடம் கேட்காமல் நானே ஒரு தேதிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 27, புதன்

சென்னை. விசாவுக்குக் கொடுத்தாயிற்று. ஜன்னலில் இருந்த பெண், "சான்று வந்து இவ்வளவு நாள் ஏன் தாமதம்?" என்று கேட்டாள். வேலை இருந்தது என்றேன். கேட்டவர்களில் இவளுக்குத்தான் முதலில் உண்மையைச் சொன்னேன்.

அவருக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும்: ஏப்ரல் 16 காலை நகோயா. நீங்கள் வராவிட்டாலும் ஹிரானோ வருவார்.

பதில் இல்லை. படித்ததற்கான அடையாளம் மட்டும் விழுந்தது.

ஏப்ரல் 8, திங்கள்

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து இரண்டரைக்குள் தளம் போட்டு முடித்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசி மூலையை மட்டம் தட்டும்வரை மேலேயே நின்றேன். கால் செருப்போடு கான்கிரீட்டில் பதிந்துவிட்டது, மேஸ்திரி அதை அழித்துவிட்டார். எல்லோருக்கும் பிரியாணி. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு பசித்தது.

இறங்கும்போது போன். அவர்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம். இங்க குளிர் இன்னும் விடல. ஸ்வெட்டர் எடுத்துக்க."

அவ்வளவுதான் பேசினோம்.

ஏப்ரல் 15, திங்கள்

சிங்கப்பூர் விமான நிலையம். ஐந்து மணி நேரம் இங்கேயே காத்திருக்க வேண்டும். நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வெளியே வரும் வாசல்கள் இரண்டு இருந்தன. நான் வந்தது அவருக்கு இடதுபக்கம் இருந்த வாசல். அவர் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி மற்ற வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்புக் கண்ணாடி. இளைத்திருந்தார். பதினைந்து அடி, பத்து அடி, பிறகு பக்கத்திலேயே போய் நின்றேன். பார்க்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வாசலில் யாராவது வெளியே வரும்போதெல்லாம் அவர் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். வந்தது வேறு யாரோ என்றதும் குதிகால் கீழே இறங்கும். மறுபடி உயரும். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. வராவிட்டால் போகட்டும் என்ற மனிதன்.

தோளைத் தொட்டேன். அவருக்கு உடம்பே தூக்கிப்போட்டது.

"இந்தப் பக்கமா வந்து நிக்காத!" என்று கத்திவிட்டார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்ற ஹிரானோ, ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், குள்ளமான அம்மாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

காரில் அவருக்கு வலதுபக்கமாக ஏறி உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 18, வியாழன்

இரண்டு நாளாக அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. தூங்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். டீ ஊற்றினால் கோப்பைக்கு வெளியே விழுகிறது, நான் துடைக்கப் போனால் துணியைப் பிடுங்கிக்கொள்கிறார். மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம், ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் மாதிரி.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். டிசம்பர், மணச்சநல்லூர், தளம், ஜூலை ஒன்று. ஒன்றையும் விடவில்லை.

சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது. "டிசம்பர்லேருந்தா? நாலு மாசமா?"

"ஆமா."

"நான் வீடு பார்த்துக்கிட்டிருந்தேன். ஜன்னல் பெருசா இருக்கணும், உனக்கு வெளிச்சம் பிடிக்கும்னு அந்தம்மாவ ஆறு வீட்டுக்கு அலைய விட்டேன். நீ அங்கே..."

"சொல்லாதது தப்பு."

"உனக்குக் கிடைச்சதை நீ மறைச்ச. எங்கிட்டேருந்து போனதை நான் மறைச்சேன். ரெண்டும் ஒண்ணா?"

"மறைச்சது ஒண்ணுதாங்க! நான் வரமாட்டேன்னு நீங்களா முடிவு பண்ணீங்க. நீங்க விடமாட்டீங்கன்னு நானா முடிவு பண்ணேன். நாம ரெண்டு பேரும் கேட்டோமா?"

அவர் எழுந்தார். கதவு நிலையில் இடது தோள் இடித்தது. அங்கேயே நின்றார். முதுகு குலுங்கியது. நான் போய்ப் பிடிக்கவில்லை. பிடித்தால் அது பாவம் பார்த்ததாகிவிடும் என்று பயம். என் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன், ஏன் என்று தெரியவில்லை.

கொஞ்சம் பொறுத்து அவரே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை சதுர அடி?" என்றார்.

"எது?"

"தளம்."

சொன்னேன். கம்பி என்ன அளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஒரே நாளில் போட்டதா, எத்தனை ஆள், மழை வந்திருந்தால் என்ன செய்திருப்பாய். எல்லாம் கேட்டார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்னொரு அறுவை சிகிச்சை மே கடைசியில். பார்வைக்கு இல்லை, கண்ணைக் காப்பாற்றி வைப்பதற்கு. அதற்கப்புறம் அவரை வரைபடம் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயே இருப்பாரா, ஊருக்கு வருவாரா, அவருக்கே தெரியவில்லை. ஜூன் முப்பது நான் திரும்புகிறேன். அது மட்டும் பேசி முடிவாகியிருக்கிறது. நேற்று அவரே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். புதுக்கோட்டையிலிருந்து அத்தை அழுத அழுகை அறை முழுக்கக் கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணுக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரே விட்டுக்கொள்வார். இன்று காலை ரொம்ப நேரமாக வெளியே வரவில்லை. நான் கூப்பிடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. கண்ணாடி இல்லாமல் வந்து நின்றார். இடது கன்னமெல்லாம் மருந்து வழிந்திருந்தது.

நான் பார்த்தேன். கருவிழி இருக்க வேண்டிய இடம் சாம்பல் பூத்து, ஓரத்தில் சிவப்பாக ஒரு தையல் தடம். அவர் நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"வெளியவே போகுது" என்று சீசாவை நீட்டினார்.

"கையில வெங்காயம். இருங்க."

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தார், தலையை அண்ணாந்துகொண்டார். கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்தேன்.

"எரியுமா?"

"கொஞ்சம்."

"அசையாதீங்க."

"நீதான் அசையற."

முழங்கையை அவர் தோளில் ஊன்றிக்கொண்டேன். ஒரு சொட்டு. உள்ளேதான் விழுந்தது.